விபூதிக் குழலும் மூன்றாம் நம்பர் டையும்

6-9-98, ஞாயிறு

இன்று பௌர்ணமி. பஸ் ஸ்டாண்டில் ஊரே பார்க்க நான் கால் மணி நேரம் தீவிரவாதியாக இருந்தேன்.

கிரிவலக் கூட்டத்துக்காக வாசலிலேயே பை சோதனை. பிப்ரவரி குண்டு வெடிப்புக்கு அப்புறம் இந்த வருஷம் எல்லா ஊரிலும் அப்படித்தான். என் மஞ்சள் பைக்குள் கையை விட்ட கான்ஸ்டபிள், கையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். கையில் என் பித்தளைக் குழல். சுண்டு விரல் தடிமன், இரண்டு அங்குல நீளம், அடி உருண்டை, வாய் திறந்தபடி. பைக்குள் இன்னும் இருபத்து மூன்று, கடைகளில் மாதிரி காட்ட. மூடிகளை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்த மகானுபாவன் நான்.

"இன்னாய்யா இது, தோட்டாவா?"

"விபூதிங்க."

"எங்க விபூதி?"

"இன்னும் போடலைங்க."

எஸ்.ஐ. வந்தார். பேர் கேட்டார். ஜினசேனன் என்றேன். என்ன ஆளுங்க என்றார். "நயினாருங்க, ஜைனம். எறும்பை மிதிச்சாலே வருத்தப்படற ஆளுங்க."

"விபூதியே பூசாத ஆளு எதுக்குய்யா விபூதிக் குழல் செய்யறே?"

நல்ல கேள்வி. என் சம்சாரம் ஜெயமதிகூட இதுவரை கேட்டதில்லை. பூசுகிறவர்கள் வாங்குவார்கள் என்றுதான், என்றேன். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா தன் விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். குழலில் கொட்டினேன், கட்டை விரலால் மூடி இரண்டு குலுக்குக் குலுக்கினேன், எல்லோரும் பார்க்க என் நெற்றியிலேயே பட்டை போட்டுக் காட்டினேன். எஸ்.ஐ. ஒன்றை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் செருகிப் பார்த்தார். பேனா மாதிரி நின்றது. "பரவால்லையே" என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெண் சுதர்சனா என் நெற்றியைப் பார்த்து, "எந்த மடத்துலப்பா சேர்ந்தே?" என்றாள்.

8-9-98, செவ்வாய்

போலீஸால் எனக்கு வியாபாரம் நடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள். சன்னதித் தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் இருசப்பன் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். இன்று ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"வாய்யா தோட்டா நயினாரே. எஸ்.ஐ. பாக்கெட்டுல நிக்குது பாரு, அது மாதிரி மூவாயிரம் வோணும். தீபத்துக்குக் கொடி ஏறச்சே கடையில இருக்கணும். இல்லன்னா வோணாம்."

இந்த சைஸ் சந்தையில் கிடையாது. கிடைப்பதெல்லாம் குட்டையான சிமிழ்தான், பாக்கெட்டில் வைத்தால் கவிழ்ந்து வேட்டியெல்லாம் விபூதி. அதனால்தான் டையை, தகட்டை உள்ளே அழுத்தி உருவாக்குகிற இரும்பு அச்சை, நானே கடைந்தேன். முதல் டையில் வட்டத் தகடு கிண்ணமாகும், இரண்டாவதில் கிண்ணம் டம்ளராகும், மூன்றாவதில் டம்ளர் குழலாகும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சூடு போட்டு ஆறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தளை முறுக்கிக்கொண்டு கிழியும்.

ஜெயமதிக்குக் கொடுத்த வாக்கை இங்கே எழுதி வைக்கிறேன், அப்புறம் நான் மறந்த மாதிரி நடிக்கக் கூடாது. ராணிப்பேட்டை கம்பெனியின் பிரஸ் செக்‌ஷனில் பதினேழு வருஷம். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவேன், திங்கள் விடிவதற்குள் போய்விடுவேன். சுதர்சனா சின்னதில் என்னை 'சனிக்கிழமை அப்பா' என்றுதான் சொல்வாள், ஏதோ மற்ற நாளுக்கு வேறு அப்பா இருப்பது போல. போன தைக்கு வேலையை விட்டு வந்து வேங்கிக்கால் வீட்டு முன்கொட்டாயில் தகடு அழுத்தும் கை பிரஸ் போட்டேன். இந்த வருஷ தீபத்துக்குள் தொழில் நிற்காவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஃபோர்மேன் ராமகிருஷ்ணன் சார் டிசம்பர் வரை என் இடத்தில் ஆள் போடாமல் பார்த்துக்கொள்கிறார்.

ஆக, மூவாயிரம் குழல். இல்லையென்றால் மறுபடியும் சனிக்கிழமை அப்பா.

14-9-98, திங்கள்

குழல், தகட்டை டைக்குள் அழுத்துகிற பஞ்ச் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. குறடு போட்டு இழுத்தால் வாய் கோணிக்கொள்கிறது. காலையிலிருந்து பன்னிரண்டு குழல் கோணல். டையைத் திட்டினேன், எண்ணெயைத் திட்டினேன், வீட்டு மாட்டைக்கூடத் திட்டினேன். அது பாட்டுக்கு அசை போட்டது.

மத்தியானம்தான் உறைத்தது. குழல் கம்பியைக் கவ்விக்கொள்ளும்போது உள்ளே காற்றுப் போக வழி இல்லை. கம்பியின் நடுவில் ஊசி மாதிரி ஒரு துளை விட்டிருக்க வேண்டும். முதல் வருஷ அப்ரெண்டிஸுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதினேழு வருஷ அனுபவம்.

15-9-98

துளை போட்டேன். தட்டினால் விழுகிறது.

22-9-98, செவ்வாய்

இப்போது நெடுக்குக் கீறல். எல்லாக் குழலிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு, பூனை பிராண்டின மாதிரி. மூன்றாம் நம்பர் டையின் வாயில் பித்தளைப் பொடி ஒட்டி மணலாக நிற்கிறது. எமரி பேப்பரை மூங்கில் குச்சியில் சுற்றி இரண்டு மணி நேரம் தேய்த்தேன். ஜெயமதி ஐந்தரைக்கே சாப்பிடக் கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற ஜைன வீட்டில் வேலை கெடாது, எந்த வேலையும் முடியவும் முடியாது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். டைக்குள் என் முகம் தெரிகிறது. முகம் சுமார்தான், டை நன்றாக இருக்கிறது.

11-10-98, ஞாயிறு

மூன்று நாளாக மழை. வீட்டுக்குள் நாலு இடத்தில் ஒழுகுகிறது. ஆயிரத்து நானூறு குழல் தயார், இவற்றை எங்கே வைப்பது? ஒழுகாத ஒரே இடம் மாட்டுக் கொட்டாய். போன வருஷம்தான் ஷீட்டு போட்டேன். மாட்டுக்கு நேர் மேலே பரண் கட்டி, குழல் எல்லாவற்றையும் மூங்கில் கூடைகளில் வரிசையாக அடுக்கினேன்.

"ஏங்க, சாமி சாமானை மாட்டுக்கு மேல வெக்கறீங்களே" என்றாள் ஜெயமதி.

"பசுவுக்கு மேல வெச்சா இன்னும் விசேஷம்" என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். தேதி போட்டு இங்கே எழுதியும் வைக்கிறேன்.

24-10-98, சனி

மூடி பொருத்த ஒரு கூடையை இறக்கினேன். முதல் குழலின் வாயிலிருந்து கீழே ஒரு மயிரிழை. அழுக்கு என்று துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. வெடிப்பு.

இரண்டாவது குழலிலும் இருக்கிறது. மூன்றாவதில் இல்லை. நாலாவதில் இரண்டு.

கூடை முழுக்கப் பார்த்தேன். பாதிக்கு மேல் போச்சு.

28-10-98, புதன்

டையில்தான் கோளாறு. வேறென்ன இருக்க முடியும். வாயின் வளைவு கூர்மையாக இருந்தால் தகட்டை அதிகம் இழுத்துப் பிளக்கும். வளைவைத் தேய்த்து அகலமாக்கினேன். புதிதாக ஐம்பது அடித்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட வெடிப்பு இல்லை. ஜெயித்தாச்சு. சுதர்சனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

4-11-98, புதன்

அந்த ஐம்பதில் இருபத்தொன்று வெடித்திருக்கிறது. பரணில் சும்மா இருந்ததுங்க. யாரும் தொடலை. பிரஸ்ஸிலிருந்து முழுசாக இறங்கி, ஒரு வாரம் பொறுத்திருந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து வெடிக்கிறது. இப்படி ஒரு பித்தளையை நான் பார்த்ததில்லை.

கடலை எண்ணெயை விட்டுவிட்டு விளக்கெண்ணெய்க்கு மாறினேன். தகடு வாங்கின இடத்தில் போய்க் கேட்டேன், அதே சரக்குதான் என்கிறார். இருசப்பன் கடைப்பக்கம் போகாமல் பெரிய தெரு சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

6-11-98, வெள்ளி

சுதர்சனா அரசுக் கலைக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருஷம். இன்று பரணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூக்கைப் பிடித்தாள். மழையில் கால்வாய் அடைத்துக்கொண்டு கோமியம் தேங்கிக் கண் எரிகிறது.

"அப்பா, டையில கோளாறு இல்ல. இந்த நெடிதான். அமோனியா."

"நெடி அடிச்சா மூக்குதாம்மா வெடிக்கும். பித்தளை எப்படி வெடிக்கும்?"

"இழுத்த பித்தளை உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டே இருக்கும். அமோனியா பட்டா அந்த எடத்துல பிளந்துக்கும். புக்ல இருக்கு."

"உன் புக்கு கை பிரஸ் ஓட்டியிருக்கா? பதினேழு வருஷம் நான் ஓட்டியிருக்கேன்."

"ராணிப்பேட்டையில பரணுக்குக் கீழ மாடு கட்டியிருந்தாங்களா?"

 எமரி பேப்பர் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

"எட்டு நாள் டயம் குடுப்பா, நான் பார்த்துச் சொல்றேன்" என்று பின்னாலிருந்து சொன்னாள். காது கேட்காத மாதிரி தேய்த்தேன்.

10-11-98, செவ்வாய்

விளக்கெண்ணெயில் அடித்ததும் வெடித்துவிட்டது. டையை இதற்கு மேல் தேய்த்தால் அது டை இல்லை, புனல்.

கொடியேற்றத்துக்குப் பதிமூன்று நாள். என்னடா ஜினசேனா, எத்தனை தடவைடா தேய்ப்பே? டைக்குத்தான் பேச வாய் இல்லை, உனக்குமா இல்லை — முடியலைன்னு சொல்லிட்டுப் போயேன்.

காலையில் ராமகிருஷ்ணன் சாருக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். 'வருகிற டிசம்பர் ஏழாம் தேதி திங்கள் முதல் வேலையில் சேர்ந்துகொள்கிறேன், என் இடத்தை வைத்திருங்கள்.' நாலு வரி. பதினேழு வருஷத்துக்கு நாலு வரி ஜாஸ்திதான். காலேஜுக்குப் போகும் வழியில் போட்டுவிடு என்று சுதர்சனாவிடம் கொடுத்தேன். விலாசத்தைப் பார்த்தாள்.  நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஜெயமதியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் பரணைப் பார்த்து, "என்னமோ, உங்களுக்குப் புடிபடாமலா போயிடும்" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

11-11-98

பிரஸ்ஸைத் தொடவில்லை. மாட்டைக் குளிப்பாட்டினேன்.

14-11-98, சனி

சுதர்சனா காலையில் மூன்று ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். போன வார வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் அறை ஜன்னலில் இருந்ததாம். நான் ஒருநாளும் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை.

முதல் பாட்டிலில் அஞ்சு குழல் மட்டும். இரண்டாவதில் அஞ்சு குழலும் அடியில் ஒரு மூடி அளவு கோமியமும். முதலில் இருந்த அஞ்சும் முழுசாக இருந்தது. இரண்டாவதில் அஞ்சுமே வெடிப்பு, ஒன்று வாயிலிருந்து பாதி வரைக்கும். அதிலேயே ஒன்று நான் ஆகஸ்டில் அடித்த குழல். மூன்று மாதமாக பீரோவில் நன்றாக இருந்தது, பாட்டிலுக்குள் போன எட்டாவது நாள் போச்சு.

"மூணாவது?" என்றேன்.

"அதுலயும் கோமியம் இருக்கு. ஆனா அந்த அஞ்சை மொதல்ல வாணலியில மணல் போட்டு வறுத்துட்டேன். அம்மாவுக்குத் தெரியும்."

மூன்றாவதைக் கொட்டினேன். நிறம்தான் கறுத்திருந்தது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நகத்தால் பார்த்தேன், வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

டைக்கு நடுவில் சூடு போடுவோம். கடைசி இழுப்புக்கு அப்புறம் போடுவதில்லை. போட்டால் குழல் மெத்தென்று ஆகிவிடும் என்று பயம், கம்பெனியில் அப்படித்தான் வழக்கம். அங்கே அடித்ததெல்லாம் அன்றைக்கே முலாம் பூசப் போய்விடும், மாட்டுக்கு மேலே தூங்காது. சிவக்கச் சுட வேண்டாம், மிதமாகக் காட்டினால் முறுக்கு மட்டும் போகும், விறைப்பு போகாது என்கிறாள் என் பெண். அவள் வறுத்த குழலைப் பல்லால் கடித்துப் பார்த்தேன். விறைப்பாகத்தான் இருக்கிறது.

பத்து நிமிஷம் கொட்டாயில் போய் நின்றேன். இரண்டு மாதம் தேய்த்த டை ஒரு குற்றமும் செய்யவில்லை. அதை எப்படியெல்லாம் திட்டினேன்.

அப்புறம்தான் கடிதம் ஞாபகம் வந்தது. உடனே இன்னொன்று எழுதினேன். 'போன கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். வரவில்லை. இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்.' அதையும் சுதர்சனாவிடமே கொடுத்தேன். "இதையும் போட்டுடறேன்பா" என்றாள்.

16-11-98, திங்கள்

மிதமான சூடு, ஒரு மணி நேரம், மூவாயிரம் குழலுக்கு. வாணலியில் வறுத்தால் அடுத்த தீபம் வந்துவிடும். சுதர்சனாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெரு பேக்கரி கண்ணாயிரத்திடம் போனேன். விடியற்காலை பன் வெந்து இறங்கினதும் அடுப்பு மத்தியானம் வரை கனிந்துகொண்டுதான் இருக்கும்.

"இன்னா நயினாரே, என் அடுப்புல தோட்டா சுடணுமா?"

போலீஸ் கதை ஊர் பூராவும் போய்விட்டது.

"எவ்ளோ சூடு வோணும்?" என்றார். எனக்கு டிகிரிதான் தெரியும், அவருக்குக் காகிதம்தான் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே போட்டார், கருகாமல் மெல்லச் சிவந்தது. "இது பன்னு சூடு. கருகினா ரொட்டி சூடு." பன் சூடு போதும் என்றோம் நானும் சுதர்சனாவும் ஒரே நேரத்தில்.

நூறு குழல் வைத்துப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் பழுப்பு நிறத்தில் வந்தது, பன் வாசனையோடு. பத்தை எடுத்துக் கோமியப் பாட்டிலுக்குள் போட்டிருக்கிறாள்.

18-11-98, புதன்

பாட்டிலில் போட்ட பத்தும் முழுசு. அடுத்த ஆயிரம் அடுப்புக்குப் போகிறது. வெடித்ததையெல்லாம் தனியாகக் கொட்டிவிட்டேன். பரணில் ஜெயமதி வைக்கோல் அடுக்கிவிட்டாள்.

20-11-98, வெள்ளி

பழுப்பு போக அம்மாவும் பெண்ணும் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். சாம்பாருக்குப் புளி இல்லை. பொன் மாதிரி இருக்கிறது ஒவ்வொன்றும். கை ஓய்ந்து எழுதுகிறேன்.

22-11-98, ஞாயிறு

இருசப்பன் கடையில் இரண்டாயிரத்து நூறு இறக்கினேன். வெடித்தது போக அவ்வளவுதான் தேறியது. நாளைக் காலை கொடியேற்றம். ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் தட்டிப் பார்த்தார், எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

"மூவாயிரம்னு சொன்னேனே நயினாரே."

"கம்மிதாங்க. ஆனா இது ஒண்ணும் வெடிக்காது."

"வெடிக்காத தோட்டாவா" என்று கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மீதி தொள்ளாயிரத்தைப் பொங்கலுக்குக் குடு. மாசா மாசம் பௌர்ணமிக்கு ஐநூறு வந்துக்கினே இருக்கணும்" என்றார்.

வேங்கிக்கால் வரை நடந்தே வந்தேன். பஸ் காலியாகத்தான் போயிற்று. ஏறத் தோன்றவில்லை.

27-11-98, வெள்ளி

ராமகிருஷ்ணன் சார் பதில் எழுதியிருக்கிறார். மழையில் நனைந்து எழுத்தெல்லாம் ஊறியிருக்கிறது.

'அன்புள்ள சேனா, உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. இரண்டிலும் பதினாலாம் தேதி தபால் முத்திரை. ஒன்றில் வருகிறேன் என்கிறாய், ஒன்றில் வரவில்லை என்கிறாய். உள்ளே போட்ட தேதியைப் பார்த்து இரண்டாவதை வைத்துக்கொண்டேன், முதலாவதைக் கிழித்துவிட்டேன். இடத்தை ஒரு பையனுக்குக் கொடுத்தாயிற்று. நல்லா இரு. உன் குழல் இரண்டு அனுப்பு.'

இரண்டிலும் பதினாலு.

முதல் கடிதத்தை நான் கொடுத்தது பத்தாம் தேதி. நாலு நாள் அது எங்கே இருந்தது? எட்டு நாள் டயம் குடுப்பா என்றாளே. நான் நாலு நாளில் கடிதம் எழுதிவிட்டேன். மீதி நாலை அவளே எடுத்துக்கொண்டாள், கடிதத்தைத் தன் கெமிஸ்ட்ரி நோட்டுக்குள் வைத்து.

கடிதத்தை மடித்து இந்த நோட்டிலேயே வைக்கிறேன்.

2-12-98, புதன்

தீபம். அஞ்சு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் மாடிக்குப் போனோம். கண்ணாயிரமும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள், ஒரு பை பன்னோடு. இருட்டுவதற்குள் நாங்கள் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம், அவர்கள் அப்புறம் நிதானமாகச் சாப்பிட்டார்கள். மலை உச்சியில் தீபம் ஏறினதும் தெரு முழுக்க அரோகரா கேட்டது. கண்ணாயிரம் சட்டைப் பாக்கெட்டிலிருந்து குழலை எடுத்து விபூதி பூசிக்கொண்டு எனக்கும் நீட்டினார். "பஸ் ஸ்டாண்டுலயே பூசிட்டேங்க, இந்த வருஷத்துக்குப் போதும்" என்றேன்.

கண்ணாயிரத்தின் சம்சாரம் ஜெயமதியிடம் கேட்டார், எத்தனை நாள் கஷ்டம்மா இது என்று.

"ரெண்டு மாசம்" என்றாள் ஜெயமதி. "அத்தனையும் வெடிச்சுது. வேற ஆளா இருந்தா மூட்டை கட்டிக்கினு ராணிப்பேட்டைக்கே போயிருப்பாங்க. இவரு ஒரு நாள்கூட மனசு விடலைங்க."

கண்ணாயிரம் என்னை மரியாதையாகப் பார்த்தார். சுதர்சனா கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. அவள் காது மட்டும் என் பக்கம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

ஏம்மா, அந்தக் கடிதத்தை நாலு நாள் நீதானே வைத்திருந்தாய் என்று கேட்கலாம். ஜெயமதியிடம் நான் மனசு விட்டேன், நாலு வரியில் விட்டேன் என்றும் சொல்லலாம்.

"தீபம் இந்தத் தடவை நல்லா தெரியுது" என்றேன்.

"ஆமாப்பா" என்றாள் சுதர்சனா.